நைனாவின் சின்ன வீடு

எங்கள் நைனாவுக்கு மாதவரத்தில் ஒரு சின்ன வீடு இருந்தது. அவள் பெயர் மகரந்தம். (நீங்கள் நினைக்கிற அதே சின்ன வீடுதான்.) அவளைச் சேர்த்துவைத்ததே பெற்ற மகளான நான்தான் என்று எங்கள் சொந்தத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். வேறு என்ன செய்வது?

நாங்கள் திருவொற்றியூர் கடலோரக் குப்பத்துக்காரர்கள். நைனா படகில் மீன்பிடிக்கப் போகிறவர். கடலில் இருக்கும்வரை நன்றாக இருப்பார். கரையேறினால் மூச்சிளைப்பு வந்துவிடும். எங்கள் பக்கத்தில் எந்தச் சங்கடத்துக்கும் ஒரே காரணம்தான்: சுற்றியிருக்கும் ஆலைகள் விடுகிற கம்பெனிப் புகை. முடி கொட்டினாலும் கம்பெனிப் புகை, பிள்ளை கணக்கில் பெயிலானாலும் கம்பெனிப் புகை. நைனாவின் இளைப்புக்கும் அதுதான் என்று முடிவுகட்ட டாக்டர் எதற்கு? நான்தான் இருந்தேனே! புதிதாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் இல்லை.

"மரம் செடி கீற எடத்துக்குப் போனா சரியாப்பூடும் நைனா" என்று நச்சரித்து, மாதவரத்தில் வாடகைக்கு வீடு பிடித்தேன். வாசலில் வேம்பு. பின்னால் காலி மனை முழுக்க ஆள் உயரப் புல். அதைத் தாண்டிச் சீமைக் கருவேலம் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. கடலை விட்டு வர நைனாவுக்கு மனசே இல்லை. மகள் சொல்கிறாளே என்று தலையாட்டினார்.

பால் காய்ச்சுகிற அன்று சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். நான் பின்பக்க ஜன்னலை விரியத் திறந்து, "இங்க வந்து நல்லா இஸ்து மூச்சு வுடு நைனா" என்றேன். பாவம், சொன்னபடியே செய்தார்.

பால் பொங்குகிற நேரத்தில் முதல் தும்மல். எல்லோர் முகமும் தொங்கிப்போனது. நல்ல காரியத்தில் ஒற்றைத் தும்மல் ஆகாதே! "இன்னொண்ணு போடு மச்சான், ரெட்டையாயிடும்" என்றார் தாய்மாமன். நைனா போட்டார். அப்பாடா என்பதற்குள் மூன்றாவது. "அய்ய, ஒத்தையாய்ச்சே!" அடுத்ததில் மறுபடி நிம்மதி. கூட்டமே ஒத்தையா ரெட்டையா ஆடிக்கொண்டிருந்ததில் பால் தீய்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. கற்பூரமும் ஒரு தும்மலில் அணைந்தது. கடைசியில் ரெட்டையில் நின்றுவிட்டது என்று கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தும்மல் ஏன் நின்றது என்று அப்புறம்தான் பார்த்தோம். நைனாவுக்கு மூச்சே வரவில்லை. சுவரோரம் சரிந்து கிடந்தார், உதடு நீலமாகியிருந்தது.

ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம். மூக்கில் மாஸ்க் மாட்டி மருந்துப் புகை வைத்தார்கள். உயிர் பிழைத்தார். டாக்டர் வந்து அம்மாவிடம் சொன்னார்: "இவருக்கு மகரந்தம்தான் பிரச்சனை. இனிமே மகரந்தம் இருக்கற பக்கமே இவரை விடாதீங்க."

அம்மா பேயறைந்த மாதிரி நின்றாள். பிறகு நேராகக் கட்டிலுக்குப் போனாள்.

"யோவ், யாருயா அந்த மகரந்தம்? அதான் மாதவரம்னதும் தலய தலய ஆட்னியா?"

நைனா மாஸ்க்கோடு இரண்டு கையையும் ஆட்டி மறுத்தார்.

"கைய ஆட்டாத! டாக்டரே பேரு சொல்லிகினு கீறாரு!"

டாக்டர் சிரிக்காமல் விளக்கினார். மகரந்தம் என்றால் பூத்தூள். புல்லிலிருந்தும் கருவேலத்திலிருந்தும் காற்றில் பறக்கும், கண்ணுக்குத் தெரியாது. சிலருக்கு மூச்சுக்குழாயையே சுருக்கிவிடும். புகையும் கெடுதல்தான், ஆனால் நைனாவுக்கு இது அதைவிடக் கெடுதல். நடுக்கடலில் புகையும் இல்லை, பூத்தூளும் இல்லை. அதனால்தான் அங்கே நன்றாக இருந்திருக்கிறார்.

"கண்ணுக்கே தெரியாதவளா?" என்றாள் அம்மா. "பலே கில்லாடிதான்."

குப்பத்துக்கே திரும்பினோம். ஆனால் அன்றைக்கு விழுந்த நெஞ்சு பழையபடி எழுந்திருக்கவில்லை. வலை இழுக்கத் தெம்பு போய்விட்டது. மூச்சு நன்றாக வந்த ஒரே இடத்துக்கு அவரால் போக முடியவில்லை. மணலில் ஏற்றிவைத்த படகின் நிழலில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் பக்கத்தில் போய் உட்காருவேன்.

"என்னாலதான நைனா..." என்று ஆரம்பித்தால் முடிக்கவிட மாட்டார்.

"சொம்மா கெட. இந்த வயசுல நைனாவுக்கு சின்ன வூடு செட் பண்ணிக் குடுக்க எந்தப் பொண்ணுக்கு மனசு வரும்?"

வீட்டுக்குள் பூ வருவது நின்றது. அம்மா தலையில் வைப்பதையும் விட்டுவிட்டாள். புருஷன் இருக்கும்போதே பூ வைக்காத பொம்பளை என்று குப்பம் பேசியது. "அவள வூட்டுக்குள்ள வுடுவனா நானு?" என்பாள் அம்மா.

போன வருடம் நைனா போய்விட்டார். வந்த மாலைகளையெல்லாம் அம்மா வாசலிலேயே நிறுத்தினாள். "வெளிய வையி. அவருக்கு ஆவாது." எடுக்கிற நேரம் வந்தது. ஒரு பூகூட இல்லாமல் எப்படி அனுப்புவது என்று மாமா தயங்கி நின்றார். அம்மா வாசலில் கிடந்த குவியலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வுடு, உள்ள வரட்டும். அவளும் ஒரு தபா மொகத்தப் பாத்துட்டுப் போவட்டும்."

சாவு வீடு சிரித்துவிட்டு, அதே வாயால் அழுதது. நைனாவின் கழுத்தில் சாமந்தி மாலையைப் போட்டார்கள். ஒற்றைத் தும்மலாக இருந்தாலும் பரவாயில்லை என்று நான் அவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.