முதல் வகுப்பில் தேறிய என்ஜின்

ஆகாயத்தில் பறப்பதற்கு மூன்றே பொருள்கள் போதும்: ஒரு பழைய மோட்டார் சைக்கிள், ஒரு சங்கம், ஒரு தீர்மான நோட்டு. இறக்கையெல்லாம் அப்புறம். இந்த உண்மையை உலகுக்கு எடுத்துக்காட்டிய, வீட்டிலேயே விமானம் கட்டும் ‘இல்லத்து விமான வளர்ச்சிச் சங்க’த்தின் செயலாளர் நான். அந்த நோட்டை எழுதும் பாக்கியம் எனக்குத்தான் கிட்டியது.

உறுப்பினர்கள் ஒன்பது பேர். தலைவர் பல் டாக்டர். துணைத் தலைவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். விமானம் ஓட்ட உரிமம் வைத்திருந்தவர் ஒரே ஒருவர், என் தங்கையின் கணவர். மற்றவர்கள் எல்லாரும் நிபுணர்கள்.

குழாயும் துணியுமாக இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்று இன்னோர் உறுப்பினரான அச்சகக்காரரின் குடோனில் உருவானது. பதினோரு வருடம் என்னை ஆபீசுக்குச் சுமந்த மோட்டார் சைக்கிளின் என்ஜினை அதற்குத் தானம் செய்தேன். அதை விமானத்துக்கு ஏற்றபடி மாற்றியவர் ஒர்க்‌ஷாப் நடத்தும் மெக்கானிக் அக்கா. சங்க உறுப்பினரான அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்.

“ரோட்டுல யாராவது ஆக்ஸிலேட்டரை முழுசா முறுக்கிட்டு ஒரு மணி நேரம் போறாங்களா? சிக்னல் வரும், ஸ்பீட் பிரேக்கர் வரும், என்ஜினும் கொஞ்சம் மூச்சு விட்டுக்கும். மேல போனா அதெல்லாம் கிடையாது. தரையில கட்டிவச்சு ஒரு மணி நேரம் முழு வேகத்துல ஓட்டுவோம். ஓடினா பறக்கலாம்.”

ஒருமனதாக ஏற்றோம். சிமென்ட் தரையில் இரும்புச் சட்டம் அடித்து, என்ஜினைக் காற்றாடியோடு அதில் பூட்டினோம். டாக்டர் ரிப்பன் வெட்டினார். நாற்பத்தொன்றாவது நிமிடம் ‘கடக்’ என்றது. காற்றாடி விறைத்து நின்றது.

“சூடு தாங்காம பிஸ்டன் பிடிச்சுக்கிச்சு” என்றார் அக்கா.

கணக்கு வாத்தியார் கண்ணை மூடி யோசித்தார். “அறுபதுக்கு நாற்பத்தொண்ணு. அறுபத்தெட்டு சதவீதம். முதல் வகுப்பு!”

கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று.

“சார், அது பரீட்சை எழுதலை. நின்னுபோச்சு” என்றார் அக்கா.

“நம்ம முதல் பறப்பு விழாவுல பறக்கப் போறதே இருபது நிமிஷம்” என்றார் டாக்டர். “மிச்சம் இருபத்தொரு நிமிஷம் கையிருப்பும்மா.”

“மேல நின்னா ஓரங்கட்டவா முடியும், டாக்டர்?”

“அழைப்பிதழ் அடிச்சாச்சே!” என்றார் அச்சகக்காரர். இந்த வாதத்தை நோட்டில் அடிக்கோடிட்டு எழுதினேன்.

புது பிஸ்டன் போடப்பட்டது. மறு சோதனை கூடாது என்று தீர்மானித்தோம். தேறிய மாணவனை மறுபடி பரீட்சைக்கு உட்கார வைப்பது அவமானம் அல்லவா? ‘முழுத் தகுதி பெற்ற இயந்திரம்’ என்று சான்றிதழ் எழுதி ஏழு பேர் கையெழுத்திட்டோம். முதல் கையெழுத்து என்னுடையது. மெக்கானிக் அக்கா மாட்டேன் என்றுவிட்டார். ‘பணி மிகுதியால் மெக்கானிக் கையெழுத்திட இயலவில்லை’ என்று நோட்டில் பதிவு செய்தேன். அப்போது அவர் என் எதிரில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

சோதனை நாளில் மாப்பிள்ளை வெளியூரில் இருந்தார். திரும்பி வந்ததும் ‘முதல் வகுப்பு’ என்று சொன்னேன். மதிப்பெண்ணைச் சொல்லவில்லை.

“ஏழு பேர் பார்த்திருக்கீங்க மச்சான். எனக்கு அது போதும்” என்றார்.

விழா நாள். மாப்பிள்ளை ஏறி பெல்ட் போட்டுக்கொண்டார். மோட்டார் சைக்கிள் சாவியைத் திருகப் போகும் நேரத்தில் மெக்கானிக் அக்காவோடு என் தங்கை வந்து சேர்ந்தாள். விஷயம் முழுக்க அவள் காதுக்குப் போயிருந்தது. மேடையில் மாட்டியிருந்த சான்றிதழைக் கழற்றினாள்.

“என்ஜின் நாற்பத்தொண்ணாவது நிமிஷம் நின்னுபோச்சாமே. ஆனா முழுத் தகுதின்னு ஏழு கையெழுத்து இருக்கு. ரெண்டாவது சீட்டு காலியா இருக்கு. யாராவது ஒருத்தர் ஏறுங்க.”

மாப்பிள்ளையின் கை சாவியிலேயே நின்றது.

“எனக்கு மாடிப்படியே தலை சுத்தும்மா” என்றார் டாக்டர்.

“என் எடையைச் சேர்த்தா கணக்கு உதைக்கும்” என்றார் வாத்தியார்.

“நான் எழுத்துப்பிழை மட்டும்தான் பார்த்தேன்” என்றார் அச்சகக்காரர்.

மற்ற மூவர் பந்தல் கயிற்றைச் சரிபார்க்கப் போய்விட்டார்கள்.

“முதல் கையெழுத்து யாருதுண்ணா?”

“என்னோடதுதான்.”

“ஏறு.”

நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். “ரெண்டு பிள்ளைங்க இருக்கும்மா எனக்கு.”

“அவருக்கும் ரெண்டு இருக்கு. உன்னைத்தான் மாமான்னு கூப்பிடுதுங்க.”

மாப்பிள்ளை பெல்ட்டை அவிழ்த்தார். சாவியை உருவி மெக்கானிக் அக்கா கையில் கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமல் தங்கையோடு நடந்தார்.

கடமை தவறாத செயலாளர் நான். அன்று மாலையே நோட்டில் எழுதினேன்: ‘மோசமான வானிலை காரணமாக விழா ஒத்திவைக்கப்பட்டது.’ வானத்தில் கைக்குட்டை அளவு மேகம்கூட இல்லை.

ஏழு பேரும் கையெழுத்துப் போட்டோம்.