மாமாவுக்கு நான் கொடுத்த மஞ்சள்

நோயைவிட ஆபத்தானது, நோயாளியின் வீட்டில் ஒருவன் அறிவியல் படிப்பது. எண்பதுகளின் கடைசியில் எங்கள் தென்காசி வீட்டில் அந்த ஆபத்து நான்தான். (எம்.எஸ்சி. வேதியியல், முதல் வருடம். தலைக்கனம் மட்டும் டாக்டர் பட்டமே வாங்கிவிட்டிருந்தது.)

மாமாவுக்குக் கன்னத்தின் உட்புறம் ஆறாத புண். வெற்றிலையும் புகையிலையும் செய்த வேலை. புற்றுநோய், உடனே அறுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமாவோ ஊசிக்கே கண்ணை இறுக்கி மூடுகிற ஆள். அவர் மிரண்டிருந்த நேரம் பார்த்து நான் வாயைத் திறந்தேன். புற்றுநோய்ச் செல் சர்க்கரையை அள்ளி அள்ளித் தின்னும், மஞ்சளில் உள்ள பொருள் அதன் சாப்பாட்டில் மண்ணைப் போடும் என்று பேராசிரியர் சொன்னதை ஒப்பித்தேன். அதெல்லாம் கண்ணாடிக் குடுவைக்குள் பார்த்தது என்று அவர் சேர்த்துச் சொன்னதை வசதியாக விட்டுவிட்டேன்.

"படிச்ச புள்ளயே கத்தி வேண்டாம்னு சொல்லுதான்லா" என்று மாமா ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போட்டார். காப்பியில் சீனி நின்றது. வெற்றிலையும் புகையிலையும் நின்றன. காலையும் மாலையும் பச்சை மஞ்சள் விழுதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டார்.

சாரல் தொடங்கியதும் குடும்பத்தோடு ஐந்தருவிக்குப் போனோம். எண்ணெய் வழிய அருவிக்கடியில் நின்ற மாமா வாய் கொப்பளித்துத் துப்பினார். ரத்தச் சிவப்பு. குளித்துக்கொண்டிருந்த கூட்டம் அலறிச் சிதறியது. அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மாமாவைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். ஈர வேட்டியோடு அவரைக் காரில் ஏற்றி டாக்டரிடம் ஓடினோம்.

டாக்டர் பஞ்சால் துடைத்துப் பார்த்தார். என் மஞ்சள் வைத்தியத்தை விசாரித்தார். பிறகு, "சுண்ணாம்பு உண்டுமா அண்ணாச்சி?" என்றார்.

மாமா மெதுவாக வேட்டி மடிப்பிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்தார். இலையைத்தான் விட்டிருந்தார், சுண்ணாம்பை விரலில் தொட்டு நக்குவதை விடவில்லை. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கிற வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். வேதியியல் படித்த எனக்குத்தான் தோன்றவில்லை.

"இது ரத்தம் இல்ல. ஆனா புண்ணு முன்னைக்கு இப்போ பெருசாயிருக்கு" என்ற டாக்டர், என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஒங்க மாமா குடுவைக்குள்ள இல்ல."

இதற்கு முன்னால் அருவியில் பயந்தது ஒன்றுமே இல்லை என்று அப்போது தெரிந்தது.

அந்த வாரமே அறுத்தார்கள். மாமா ஒரு பக்கக் கன்னம் ஒட்டிப்போய், பிழைத்துக்கொண்டார். என் கல்யாணத்தில் ஆரத்தித் தட்டு வந்தபோது, அத்தையிடம் சொல்வதுபோல் மண்டபத்துக்கே கேட்கச் சொன்னார்: "ஏட்டி, மருமவன் மருந்து வருது. யாரும் கொப்பளிச்சிராதிய."

மாமா கிழவராகித்தான் போய்ச் சேர்ந்தார். இன்றும் எங்கள் வீட்டில் ஆரத்தி எடுத்தால், மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள்.