டியூப்லைட்டில் ஓடிய மாமனார்

எதுவுமே தெரியாதவனால் யாருக்கும் ஆபத்தில்லை. பாதி தெரிந்தவன்தான் வீட்டுக்கு ஆளைக் கூப்பிட்டுக் காட்டுவான். தொண்ணூறுகளில் நான் இரண்டாவது வகை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னக் கம்பெனியில் வேலை. மின்சாரத்தின் அசைவைத் திரையில் கோடாகக் காட்டும் ஆசிலோஸ்கோப் அங்கே ஒன்றே ஒன்று. அதுவும் முதலாளி அறையில் பூட்டியிருக்கும். வாங்க வக்கில்லாத நான், பழைய கம்ப்யூட்டரில் பிரின்டர் செருகும் இடத்தில் நாலு சில்லுகளைக் கோத்து, கள்ளிக்குப்பம் வீட்டிலேயே ஒன்று செய்தேன். (செய்துவிட்டதாக நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.)

அந்தச் சமயத்தில்தான் பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வந்தார்கள். பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது; இது தட்டிப்போனால் கல்யாணமே வேண்டாம் என்றிருந்தேன். பக்கத்துப் பேட்டையான பாடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டும் அவள் அப்பா, மேஜையைப் பார்த்தார்.

"இன்னா நைனா இது, டிவியா?"

"இல்ல மாமா, உங்க இதயத் துடிப்பையே காட்டும்." (அவசரத்தில் அப்போதே மாமா.)

முந்தின நாள் என் விரலில் ஒயரைச் சுற்றியபோது நொடிக்கு ஒன்றாக அழகான அலை வந்திருந்தது. இதயம்தான் என்று முடிவுகட்டியிருந்தேன். அவர் விரலிலும் சுற்றினேன். கோடு ஏறி இறங்கியது.

"பாத்தியா, லேத்தாட்டம் ஓடுது" என்று மனைவியிடம் காட்டினார். எனக்கு நாதஸ்வரமே கேட்டுவிட்டது.

காபியோடு வந்த அம்மா, "பட்டப்பகல்ல எதுக்குடா லைட்டு?" என்று மேஜைக்கு மேலிருந்த டியூப்லைட்டை அணைத்தாள்.

கோடு படுத்துவிட்டது.

மாமா திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நைனா, நான் உசுரோட கீறேனா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு நாற்காலியிலேயே சரிந்தார்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை அவர் மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. "வெறும் பயம்தான்" என்றார் டாக்டர்.

பிறகுதான் புரிந்தது. டியூப்லைட்டின் மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை ஆடுகிறது; அந்த ஆட்டத்தை விரலும் ஒயரும் ஏரியல்போல வாங்கியிருக்கின்றன. என் கருவியோ நொடிக்கு நாற்பத்தொன்பது முறைதான் கண் திறந்து பார்த்தது. வேகமாக ஓடும் கார் சக்கரம் சினிமாவில் மெதுவாகச் சுற்றுவதுபோல, அது இதயமாகத் தெரிந்திருக்கிறது. அடுத்த ஞாயிறு பாடிக்குப் போய் இதையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

மாமா சொன்னார்: "அத்த கயட்டிப் போட்டுட்டு வா. பொண்ணு குடுக்கிறேன்."

கருவியைக் கழற்றிப் போட்டேன்.

இப்போது மாமா எங்களோடுதான் இருக்கிறார். என் மகள் எந்த விளக்கை அணைப்பதானாலும் முதலில் குரல் கொடுப்பாள்: "தாத்தா, லைட்டு ஆஃப் பண்றேன்."

"கீறேன்மா" என்று உள்ளிருந்து பதில் வரும். எல்லோரும் சிரிப்பார்கள்.

அந்தப் பதில் வரும்வரை என் கோடு படுத்தே இருக்கும்.