பிறகு பார்க்க வேண்டியவை

அலுவலகத்தில் ஆளாளுக்குக் கண்ட இடத்தில் குறிப்பு எழுதித் தொலைக்கிறார்களே என்று ஜவாத் கொதித்தான். கொதித்துக் கொதித்து ஒரு சட்டம் போட்டான். அலங்காரம் எதுவும் வேண்டாம், கணினியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு வெறும் எழுத்துக் கோப்பு போதும். மேலே தலைப்பு, வரிக்கு முன்னால் ஒரு கோடு, அவசரமென்றால் நட்சத்திரம். கோப்பில் இல்லாதது வேலையே இல்லை. மேலாளர் ஸி துஹாமி சொக்கிப்போனார். காஸாபிளாங்கா கிளையின் தலைவர் நாற்காலி இவனுக்குத்தான் என்று பேச்சு.

பாழாய்ப்போன புத்தி, அதே சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தான்.

"சமையலறைக் குழாய் ஒழுகுது," என்றாள் மனைவி கென்ஸா.

"வாயால சொல்லாதே. கோப்புல எழுது."

எழுதினாள், நட்சத்திரத்தோடு. அவன் நட்சத்திரத்தைப் பிடுங்கிவிட்டு, அந்த வரியை 'பிறகு பார்க்க வேண்டியவை'க்குக் கீழே தள்ளினான். அந்தப் பக்கம் அவன் எட்டிப் பார்த்ததே கிடையாது. ரமலான் வந்து போனது. குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது.

"நட்சத்திரத்த யார் எடுத்தது?"

"எது முதல்ல, எது பிறகுன்னு ஒரு கணக்கு இருக்கு. உனக்குப் புரியாது!"

கென்ஸாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "புரியுது. நல்லாவே புரியுது," என்றாள். கத்தவில்லை. அப்போதே அவன் பயந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் மேலாளரைக் கூஸ்கூஸ் சாப்பிட அழைத்து வந்தான். மேசை நடுவில் பெரிய மண்தட்டு, அதில் குவித்த கோதுமை ரவை, உச்சியில் ஆட்டிறைச்சி, சுற்றிலும் பூசணியும் கொண்டைக்கடலையும். அவரவர் பக்கத்தை அவரவர் தோண்டிச் சாப்பிட வேண்டியதுதான். ஆனால் கரண்டி இரண்டே இரண்டு. ஜவாத்தின் பக்கம் குழாய் திருகும் குறடு ஒன்று கிடந்தது.

"என் கரண்டி எங்கடி?" பல்லைக் கடித்தான்.

"வாயால கேக்குறீங்களே! விருந்தாளி சாப்பாட்ட நட்சத்திரம் போட்டு எழுதிட்டேன். உங்க சாப்பாடு 'பிறகு பார்க்க வேண்டியவை'ல இருக்கு. குழாய்க்கு அடுத்த வரி."

ஆத்திரத்தில் ஜவாத்துக்குக் காது சிவந்தது. நியாயம் கேட்டு மேலாளரைப் பார்த்தான். அவர் வாய் நிறைய இறைச்சி.

"நீ போட்ட சட்டம்தானேப்பா? வரிசைப்படி வா."

குறடும் கையுமாகச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன் முகத்தில் தண்ணீர் பீய்ச்சியடித்தது. கூடத்தில் மேலாளர் மரியாதையாகக் கேட்டார்:

"லாலா கென்ஸா, அந்தத் தலைவர் நாற்காலிய எந்த வரியில போடலாம்?"

"அவர் சாப்பாட்டுக்குக் கீழ போடுங்க. முதல்ல குழாய் நிக்கட்டும்."