ரேஞ்சர் மாப்பிள்ளைக்கு ஒரு தந்தப் பேனா

அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதான். செஞ்சி கடைத்தெருவுக்குப் போய், கடசல் பட்டறையில ரெடியா இருக்கிற பேனாவை வாங்கிட்டு வந்து, சிங்கவரத்துல மாமனார் கையில கொடுக்கணும். சைக்கிள் ஓட்டத் தெரிஞ்ச எவனும் செஞ்சிடக்கூடிய வேலை.

எண்பதுகளோட கடைசி அது. மறுநாள் என் மச்சினிக்கு நிச்சயதார்த்தம். மூத்த மாப்பிள்ளைன்னா மாமனார் வீட்டுல தனி மரியாதைன்னு சொல்வாங்க. வாழை இலை வாங்கறது, சமையல்காரரை இழுத்துட்டு வர்றது, பந்தலுக்குக் கயிறு தேடறதுன்னு அந்த மரியாதை மொத்தமும் எனக்குத்தான்.

இது சாதாரணப் பேனா இல்ல. மாமனாரோட தாத்தா ஊணிக்கிட்டு நடந்த கைத்தடிக்கு வெள்ளை வெளேர்னு ஒரு கைப்பிடி உண்டு. ஆனைத் தந்தமாம். சிங்கவரத்துல அதைப் பத்தித் தெரியாத ஆளே கிடையாது. தெரியாம இருக்க மாமனார் விட்டதில்ல. அந்தக் கைப்பிடியைக் கடைஞ்சு பேனாவாக்கணும், அதுலதான் லக்னப் பத்திரிகை எழுதணும், எழுதின சூட்டோட பேனாவைப் புது மாப்பிள்ளைக்குப் பரிசா கொடுக்கணும். இது அவரோட ஆசை.

மாப்பிள்ளை ஓசூர் பக்கம் ஃபாரஸ்ட் ரேஞ்சர்.

"அவரு காட்டு ஆபீசரு மாப்ள. தந்தத்தோட அருமை அவருக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?" னு கேட்டார் மாமனார்.

"ஆமா மாமா" னு நானும் தலையாட்டினேன். எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்திருந்தா விஷயம் அன்னிக்கே முடிஞ்சிருக்கும்.

பட்டறை பாய் கட்டில் கால், தொட்டில் கட்டை கடையறவர். கை சுத்தம். வாய் கொஞ்சம் நீளம். கைப்பிடியைக் கடைஞ்சு, குடைஞ்சு, ஒரு மசிப் பேனாவோட நிப்பையும் கழுத்தையும் பொருத்தி, பளபளன்னு நீட்டினார்.

"அசல் தந்தம் தம்பி. உளிய வச்சா நாடா நாடாவா சுருண்டு வருது. இளம் ஆனை. கெழட்டு ஆனைன்னா தூளாத்தான் கொட்டும்."

"நெறைய ஆனை பாத்திருக்கீங்களா பாய்?"

"கோயில்ல ஒண்ணு பாத்தேன்."

எனக்கு அதுவே போதுமானதா இருந்தது. வாங்கினவன் நேரா வீட்டுக்குப் போகலாம்ல? பஸ் ஸ்டாண்டு டீக்கடையில நின்னு, சட்டைப் பையில பேனாவை நாலு பேர் பாக்கற மாதிரி குத்திக்கிட்டேன். பேப்பர் படிச்சிட்டிருந்த வக்கீல் குமாஸ்தா ஒருத்தர் பார்த்தார்.

"இன்னா பேனா அது?"

"ஆனைத் தந்தம்ணே."

அவர் பேப்பரை மடிச்சார். "உள்ள வை மொதல்ல. சட்டத்த இறுக்கிட்டாங்க, தெரியாதா? தந்தத்த விக்கக் கூடாது, வாங்கக் கூடாது. பழசா இருந்தாலும் கவர்மெண்ட்ல பதிஞ்சி வச்சிருக்கணும். இப்டி கடஞ்சிகிட்டு திரிஞ்சீனா உள்ளதான்."

"யாருண்ணே புடிப்பாங்க?"

"ஃபாரஸ்ட்டுகாரங்கதான். ஆமா, இது யாருக்கு?"

"எங்க மச்சினியக் கட்டிக்கப் போறவருக்கு."

"அவரு இன்னா பண்றாரு?"

பாதி டீயை அப்படியே வச்சுட்டு சைக்கிளை எடுத்தேன்.

சிங்கவரம் வரைக்கும் சைக்கிளை மிதிச்ச வேகத்துல செயின் ரெண்டு தடவை கழண்டுது. மாமனாரைத் தனியா கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "மாமா, வாங்கிகிட்டா அவரு வேல போவும். வாங்கலன்னா நம்மளப் புடிக்கணும். எப்டிப் பாத்தாலும் கல்யாணம் நின்னுடும்."

"எங்க தாத்தா இந்தத் தடிய வாங்கறப்ப, சட்டம் எழுதனவன் பொறக்கவே இல்ல மாப்ள" ன்னவர், பேனாவை என் கையிலிருந்து பிடுங்கி இடுப்புல செருகிக்கிட்டார்.

கடைசி நம்பிக்கையா என் பொண்டாட்டி செல்விகிட்ட போனேன். "நைனா ஆசையா செய்றாரு. ஒங்க வூட்ல இருந்து ஒரு எலும்புத் துண்டாவது வந்திருக்குதா?" ன்னு கேட்டா.

மறுநாள் சபை கூடிச்சு. தாம்பூலத் தட்டு நடுவுல. ஐயர் பத்திரிகை எழுத உட்கார்ந்தார். மாமனார் எழுந்து, பட்டுத்துணியைப் பிரிச்சு, பேனாவை எல்லாருக்கும் காட்டினார்.

"அசல் ஆனைத் தந்தம். எங்க தாத்தாவோடது. எழுதி முடிச்சதும் மாப்பிள்ளைக்கு."

ரேஞ்சர் முகத்துல இருந்த கல்யாணக் களை அப்படியே வடிஞ்சு போச்சு. "மாமா, நெசமாவே தந்தமா?" ன்னு மெதுவா கேட்டார்.

நான் குறுக்க பாய்ஞ்சேன். "அட, மாட்டு எலும்புங்க. மாமா சும்மா சொல்றாரு."

"எதுடா மாட்டு எலும்பு?" அத்தனை வருஷமா 'மாப்ள'ன்னே கூப்பிட்ட மனுஷன், சபையில 'டா' போட்டார். "செஞ்சியில போயி கேளு. பட்டறை பாயே சொன்னாரு, இளம் ஆனைன்னு."

மாப்பிள்ளையோட அப்பா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டார். "எம் புள்ள வேலைக்கே ஒல வைக்கறீங்களா? எழுந்திருடா, போலாம்." உள்ள ஜன்னல் வழியா பார்த்துட்டிருந்த மச்சினி அழவே ஆரம்பிச்சுட்டா. அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணா?

ரேஞ்சர் மட்டும் நிதானமா இருந்தார். "ஒரு ஊசி குடுங்க. காய வச்சி குத்தனா தந்தத்துக்கு ஒண்ணும் ஆவாது. எலும்புன்னா கருகின நாத்தம் வரும்."

எலும்பா இருக்கணும்னு எனக்குத் தெரிஞ்ச சாமியை எல்லாம் கும்பிட்டேன். தந்தமா இருக்கணும்னு மாமனார் கும்பிட்டார். சாமி ரெண்டு பேரையும் கண்டுக்கல.

குத்துவிளக்குல ஊசியைக் காய்ச்சி பேனாவுல வச்சார். எலும்பு நாத்தம் வரல. கம்முனு கற்பூர மணம் வந்தது. மாப்பிள்ளையோட பெரியம்மா பழக்க தோஷத்துல கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. அடுத்த நொடி பேனா குப்புன்னு பத்திக்கிச்சு. ரேஞ்சர் அதைத் தண்ணிச் சொம்புல போட்டுட்டு, அன்னிக்கு முதல் தடவையா சிரிச்சார்.

"பழைய காலத்து பிளாஸ்டிக்கு மாமா. வெள்ளக்காரன் காலத்துல கற்பூரம் கலந்து, தந்தம் மாதிரியே செஞ்சி வித்தது. கேஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க எழுதுங்க சாமி."

ஐயர் தன்னோட பால்பாயிண்ட் பேனாவை எடுத்தார். தட்டு திரும்ப நடுவுக்கு வந்தது. மச்சினி மூக்கைச் சிந்திட்டு சிரிச்சா. நானும் மூச்சு விட்டேன். விட்டிருக்கக் கூடாது.

மாமனார் சொம்புக்குள்ள எட்டிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"எங்க தாத்தா ஏமாந்த ஆளு கெடையாது. நான் குடுத்தது தந்தம். வந்தது பிளாஸ்டிக்கு. நடுவுல போய்ட்டு வந்தது யாரு?"

சபையே என் பக்கம் திரும்பிச்சு. "ஏங்க, எங்க வச்சீங்க? சொல்லிடுங்க" ன்னு செல்வி காதுல கெஞ்சினா.

ரேஞ்சர் நாற்காலியை எனக்குப் பக்கத்துல இழுத்துப் போட்டார். "அண்ணே, அப்ப அசல் தந்தம்னு ஒண்ணு இருக்குதா?"

கல்யாணம் ஜாம்ஜாம்னு நடந்தது. சகலை இப்பவும் எங்க வீட்டுக்கு வந்தா, "சௌக்கியமாண்ணே?" ன்னு என் பீரோவைப் பார்த்துதான் கேக்கறார்.