தெருவின் மூட்டைப்பூச்சிகளை நான் வீட்டுக்கு அழைத்து வந்த போகி

நியாயமான ஒரு கருத்தைக் கையில் வைத்திருக்கும் இளைஞனைவிட ஆபத்தான பிராணி ஒரு குடும்பத்துக்குக் கிடையாது. கருத்து தப்பாக இருந்தால் நாலு பேர் தடுத்துவிடுவார்கள். சரியாக இருந்துவிட்டால் யாராலும் தடுக்க முடியாது. எங்கள் வீடு அப்படித்தான் நாசமாயிற்று.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் மயிலாப்பூரில், குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, அக்கா சரோஜா, நான். நான் பி.எஸ்ஸி. முடித்த சூட்டோடு தி.நகரில் ஒரு டுடோரியலில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். (பரீட்சையில் தவறியவர்கள் மட்டுமே அங்கே படித்தார்கள். அதனால் என்னை மறுத்துப் பேச ஆளில்லை.)

அந்த வருஷம் சுற்றுச்சூழல் என்ற புது வார்த்தை ஜுரம் மாதிரி என்னைப் பிடித்துக்கொண்டது. காற்று, தண்ணீர், மண், உயிர்கள் எல்லாம் ஒன்றோடு ஒன்று கோத்துக் கிடக்கின்றன. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று ஆடும். நாம் தூக்கிப் போடுவது எதுவும் இல்லாமல் போவதில்லை, வேறு எங்கோ போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்த விஞ்ஞானத்தின் அரிச்சுவடி இவ்வளவுதான். இன்றைக்கும் அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றமாட்டேன். அதுதான் என் துரதிர்ஷ்டம்.

போகி வந்தது. விடிவதற்கு முன்னால் பழைய பாய், தலையணை, சைக்கிள் டயர் என்று தெருத்தெருவாக எரித்து, எட்டு மணி வரைக்கும் எதிர்வீடு தெரியாதபடி செய்வது எங்கள் ஊர் வழக்கம். முந்தின நாள் சாயங்காலம் நான் தெருக்குழாயடியில் நின்று பிரசங்கம் செய்தேன். எரித்தால் புகை, புகை நம் நெஞ்சுக்குள்ளே. அதனால் எல்லாவற்றையும் என்னிடம் கொடுங்கள், எங்கள் கொல்லையில் குழி வெட்டிப் புதைக்கிறேன், மட்கி உரமாகும் என்றேன். சைக்கிள் கடை குப்புசாமி மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார்.

"இந்த டயரு கூட மக்கிப் பூடுமா நைனா?"

"பூடும். கொஞ்சம் நாளாகும்," என்றேன். (புதைத்திருந்தால் இந்நேரம் பாதியாவது மட்கியிருக்கும்.)

தெரு மனமுவந்து கொடுத்தது. சுமக்க ஒருவன் கிடைத்தால் யார்தான் கொடுக்கமாட்டார்கள்? பிரசவம் பார்த்த மெத்தை, படுக்கையிலேயே கிடந்து போன பெரியவரின் கோரைப்பாய், பஞ்சு பிதுங்கும் திண்டு எல்லாம் எங்கள் கொல்லைக்கு வந்து சேர்ந்தன. குழி வெட்ட ஒப்புக்கொண்ட ஆள் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டான். நானே மண்வெட்டியைத் தூக்கினேன். முழங்கால் ஆழம் வருவதற்குள் உள்ளங்கை கொப்பளித்து, உரம் வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் ஆகட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அக்காவைப் பெண் பார்க்க அடையாறிலிருந்து வருவதாக இருந்தது. அக்காவுக்கு அப்போது இருபத்தெட்டு முடிந்துவிட்டது. வந்து பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் பல பேர். இந்த வரனுக்கு ஜாதகம் பொருந்தியிருந்தது, பையனுக்கு நந்தனத்தில் நல்ல வேலை. அதைவிட, அக்கா அந்தப் போட்டோவை எடுத்துப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி அலமாரியில் திருப்பி வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு முன்னால் எந்தப் போட்டோவையும் அவள் தொட்டதில்லை.

தெருக்காரர்கள் பழைய படுக்கைகளை வருஷா வருஷம் எரித்தது ஏன் என்று நான் யோசிக்கவில்லை. மூட்டைப்பூச்சிக்கு மனித ரத்தம்தான் சாப்பாடு. மெத்தையின் மேல் மனிதன் படுக்கவில்லை என்றால் அது மனிதன் இருக்கும் இடத்தைத் தேடிப் போகும். விஞ்ஞானம் படித்தவன் நான். மூட்டைப்பூச்சி படிக்காமலே கொல்லையிலிருந்து சமையலறை வழியாகக் கூடத்துக்குப் போய், பிரம்பு நாற்காலிகளில் இடம் பிடித்துவிட்டது.

வந்தவர்களை அந்த நாற்காலிகளில்தான் உட்காரவைத்தோம். அக்கா காப்பித் தட்டோடு வந்தாள். பையன் நிமிர்ந்து பார்த்தான், அக்காவும் பார்த்தாள், அம்மாவின் முகம் மலர்ந்தது. அப்போதுதான் பையனின் அப்பா நெளிய ஆரம்பித்தார். எழுந்தார், ஜன்னலைப் பார்ப்பது போல நின்றார், மறுபடி உட்கார்ந்தார், துள்ளி எழுந்தார். பையனின் அம்மா தன் பட்டுப்புடவைக் கரையில் ஊர்ந்த ஒன்றை விரலால் தட்டிவிட்டு, மெல்லிய குரலில் கேட்டாள்.

"வீட்ல மூட்டைப்பூச்சி உண்டுங்களா?"

அந்த நிமிஷம் நான் ஊமையாக இருந்திருக்கலாம். வீட்டு மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"இதெல்லாம் எங்க வீட்டு மூட்டைப்பூச்சி இல்லீங்க. தெருவுல எல்லார் வீட்லேருந்தும் நான்தான் கொண்டாந்து சேர்த்தேன்."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். புகை, மண், உரம் என்று நான் விளக்க விளக்க, அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்றார்கள். அடையாறு ஒரு பஸ் தூரம். அந்த லெட்டர் இன்னும் வரவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா எல்லாவற்றையும் நடுத்தெருவுக்கு இழுத்துப் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். மெத்தை, பாய், குப்புசாமியின் டயர்கள் எல்லாம் ஒரே தீயில். எந்தப் போகியிலும் எங்கள் சந்து அவ்வளவு கரும்புகையைப் பார்த்ததில்லை. அக்கா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. கேட்டதற்குப் புகை என்றாள். எனக்கும் கண்ணைத் துடைக்கவேண்டியிருந்தது, அதற்கும் புகைதான் காரணம் என்று சொல்லிக்கொண்டேன்.

அப்புறமும் சில வரன்கள் வந்தன, எதுவும் அமையவில்லை. அக்கா வேலைக்குப் போனாள், ரிட்டயர் ஆனாள், இப்போது கொட்டிவாக்கத்தில் தனியாக இருக்கிறாள். உன்னால்தான் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை. மாறாக, விசேஷங்களில் எல்லாரையும் சுற்றி உட்காரவைத்து இந்தக் கதையை அவள்தான் சொல்லுவாள், என் குரலிலேயே. "எங்க வீட்டு மூட்டைப்பூச்சி இல்லீங்க" என்னும்போது பிள்ளைகள் புரண்டு சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஊரில் புகை குறையவில்லை. வருஷா வருஷம் போகியன்று விடியற்காலையில் அவளிடமிருந்து போன் வரும்.

"டேய், பழைய பாய் ஒண்ணு கிடக்கு. எரிச்சிடட்டுமா, உன் வீட்டுக்கு அனுப்பட்டுமா?"

எரித்துவிடு என்று சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை. அனுப்பு என்று சொல்லவும் வரவில்லை. இருமிக்கொண்டே ஜன்னலைச் சாத்துகிறேன். மறுமுனையில் அவளும் இருமுகிறாள்.