ஆறாவது வீடியோவில் டேமேஜ்

இதை நான் சொன்னால் எங்கேயாவது தப்பாகத்தான் சொல்வேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இந்தப் பாட்டுக்காரர்களின் பெயர்கள் என் வாயில் நுழையாது. நுழைந்தாலும் வேறு ஆளாக வெளியே வரும். அதனால் பெயர்களை விட்டுவிடுகிறேன். மீதியில் சந்தேகம் இருந்தால் பக்கத்து வீட்டு விஜயராணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவள் புருஷன் சகாயராஜிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் லிங்க் அனுப்புவார்.

சகாயராஜ் பிரிண்டிங் மாஸ்டர். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்தவர். எட்டு வருஷம் பேக்கிங்கில் துணிகளை அடுக்கிப் பெட்டி போட்டு, அப்புறம் பிரிண்டிங்குக்கு மாறினார். நல்ல மனுஷன், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. ஆறு மாதத்துக்கு முன் அவர் யூனிட்டுக்கு ஒரு ஆர்டர் வந்தது. வெளிநாட்டுப் பாட்டுக் குழுக்களின் படம் போட்ட டி-சர்ட். மண்டை ஓடு, உடைந்த கிடார், அழுகிற நிலா. வேறு மாஸ்டராக இருந்தால் கலர் சரியா என்று பார்த்து ஓட்டிவிட்டுப் போயிருப்பார். சகாயராஜ் இந்த நிலா எதற்காக அழுகிறது என்று போனில் தேடிப் பார்த்தார். அன்றோடு முடிந்தது.

அதற்குப் பிறகு சினிமாப் பாட்டு ஆகாது. பெரிய கம்பெனி வெளியிட்ட பாட்டும் ஆகாது. ஏதோ ஒரு ஊரில் நாலு பேர் சொந்தமாக எழுதி, சொந்தமாகப் பாடி, இரவல் கேமராவில் எடுத்தால்தான் அது பாட்டு. எவ்வளவு குறைவான பேர் பார்த்திருக்கிறார்களோ, அவ்வளவு நல்ல பாட்டு.

எனக்கும் காட்டினார். ஒன்றில் நாலு பேர் லிஃப்டுக்குள் நின்று வாசிக்கிறார்கள். மாடிக்கு ஒருவராக இறங்கிப் போய்விடுகிறார்கள். கடைசியில் டிரம்ஸ் மட்டும் மேலேயும் கீழேயும் போய்வருகிறது. இன்னொன்றில் ஒரு பெண், முகத்தையே காட்டாமல், பாட்டு முடியும் வரை ஒரே சட்டையை இஸ்திரி போடுகிறாள். மூன்றாவதில் பனிக்காட்டுக்குள் ஒருவர் கிடாரைக் கயிற்றில் கட்டிக் கன்றுக்குட்டி மாதிரி இழுத்துக்கொண்டு போகிறார். இதில் என்ன இருக்கிறது தம்பி என்று கேட்டுவிட்டேன். அந்தக் கிடார் அவருடைய அப்பாவாம். பயந்துபோய் அதற்கு மேல் கேட்கவில்லை.

எங்கள் காம்பவுண்டில் எட்டு வீடுகள். நல்ல தண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவைதான் வரும். வந்தால் தெரிவிக்க போனில் ஒரு குரூப் வைத்திருக்கிறோம். சகாயராஜ் அதில் பாட்டுப் போட ஆரம்பித்தார். போன் சத்தம் கொடுத்ததும் எட்டு வீட்டுப் பெண்களும் குடத்தோடு குழாயடிக்கு ஓடுவோம். குழாயில் காற்றுதான் வரும். போனைப் பார்த்தால் பனிக்காட்டில் கிடார். வீட்டுக்காரம்மா பூவாத்தாள் மூன்று தடவை ஓடிவிட்டு, நான்காவது நாள் அவரைக் கூப்பிட்டு, "ஏனுங்க மாஸ்டர், உங்க ஆளுங்க தண்ணி எடுத்துக்கிட்டு வந்தாங்கன்னா மட்டும் போடுங்க" என்று மரியாதையாகவே சொன்னார்.

யூனிட்டிலும் அதே கதி. அனுப்பினால் கட்டைவிரல் படம் பதிலாக வரும். யாரும் பார்ப்பதில்லை என்பது அவருக்குத் தெரியும். அதுதான் அவரை அரித்தது. நல்ல பொருளைக் கையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியும் ஒருத்தர்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை என்றால் எப்படி இருக்கும். உலகத்தில் ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு முறை, முழுசாகப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்ற நிலைக்கு வந்துவிட்டார். அந்த ஒரு ஆள் தன் மனைவிதான் என்று ஒரு திங்கட்கிழமை தீர்மானமும் செய்துவிட்டார்.

விஜயராணி ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங். காலையிலிருந்து சாயந்தரம் வரை துணியைப் புரட்டிப் புரட்டிக் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. அதனாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் எதைக் காட்டினாலும் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிடுவாள். அவர் முடி வெட்டிக்கொண்டு வந்தாலும் நல்லா இருக்கு. வெட்டாமல் வந்தாலும் நல்லா இருக்கு.

நான் வீட்டிலேயே பிசிறு வெட்டுகிறவள். தைத்து வரும் துணிகளில் நூல் நுனியைக் கத்தரிக்கும் வேலை. வாசலில் உட்கார்ந்தால் அவர்கள் வீட்டுப் பேச்சு முழுக்கக் காதில் விழும். ஒட்டுக் கேட்பதில்லை. விழும்.

"ராணி, பத்தே பத்து வீடியோ. சனிக்கிழமை சாயந்தரத்துக்குள்ள பாத்துரணும். எப்படி இருக்குன்னு சொல்லணும்."

"பாக்கலைன்னா?"

"ஞாயித்துக்கிழமை எங்கூட கோயமுத்தூர் வரணும். கேரளாவுல இருந்து ஒரு குழு வருது. ரெண்டு டிக்கெட் எடுத்துட்டேன்."

"ஞாயித்துக்கிழமை தாராபுரம் சர்ச்சுல எங்க அக்கா மகளுக்குப் புதுநன்மை குடுக்குறாக. அது நெனப்பு இருக்கா?"

"இருக்கு. நீ பத்தையும் பாத்துட்டா நான் டிக்கெட்டைத் தொடக்கூட மாட்டேன். உங்கூட கோயிலுக்கு வாரேன். பந்தியில பரிமாறக்கூடச் செய்றேன்."

"எங்க அத்தான்கிட்ட சிரிச்சுப் பேசுவீகளா?"

இதற்கு மட்டும் நாற்காலி நகர்கிற சத்தம்தான் முதலில் வந்தது. அப்புறம் பேசுவேன் என்று மெதுவாகக் கேட்டது.

அவருக்கு இதில் பயம் இல்லை. அவள் பார்க்க மாட்டாள், பார்க்காமலே நல்லா இருந்துச்சு என்று சொல்வாள் என்பது அவருக்கு அத்துப்படி. அதற்குத்தான் பொறி வைத்தார். புதன்கிழமை அந்த நிலா ஆர்டர் மறுபடி வந்து மெஷினில் ஓடும்போது போனைச் சாய்த்து வைத்து நாலு நிமிஷம் எடுத்தார். மெஷினின் கைகள் சுற்றிச் சுற்றி வருகின்றன, அழுகிற நிலா ஒவ்வொரு துணியிலும் இறங்குகிறது, கடகடவென்று சத்தம். வேறொன்றும் இல்லை. அதைப் பத்தில் ஆறாவதாகச் செருகி அனுப்பிவிட்டார். அதையும் நல்ல பாட்டு என்று சொல்வாள், அப்படியே பிடித்துவிடலாம்.

இதை என்னிடம் மட்டும் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம். விஜயராணியிடம் சொன்னால் அவருக்குத் துரோகம். சொல்லாவிட்டால் அவளுக்குத் துரோகம். அன்று யோசனையில் பிசிறுக்குப் பதிலாக ஒரு காலரையே கத்தரித்துவிட்டேன்.

சனிக்கிழமை சாயந்தரம் விஜயராணி மறுநாளைக்கான சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். சகாயராஜ் நாற்காலியை அவளுக்கு எதிரில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சிரிப்பதற்கு வாயைத் தயாராக வைத்திருந்தது என் வாசலிலிருந்தே தெரிந்தது.

"பாத்தியா?"

"பாத்தாச்சு. ஒம்பது ஓகே. ஆறாவதுல டேமேஜ்."

தயாராக இருந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

"அது பாட்டே இல்ல, உங்க மெஷின். அதைக்கூட விடுங்க. நீலக் கலர் வெள்ளைக்கு வெளிய தள்ளி விழுது. அந்த நிலாவுக்கு ரெண்டு மூக்கு. செட்டிங் போட்ட புண்ணியவான் யாரு?"

செட்டிங் போட்டது அவர்தான். போனை எடுத்து இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அழுகிற நிலாவுக்கு அம்சமாக இரண்டு மூக்கு. புதன்கிழமையிலிருந்து மூன்று நாளாக அப்படியே ஓடியிருக்கிறது. ஓடியதெல்லாம் கட்டுக் கட்டாக அடுக்கி நிற்கிறது. திங்கட்கிழமை காலையில் தையலுக்குப் போகவேண்டியது. தைத்துவிட்டால் அவ்வளவும் வீண், மாஸ்டர் என்ற பேரும் போய்விடும். மனுஷனுக்கு வேர்த்துவிட்டது.

விஜயராணி சேலை மடிப்பதை நிறுத்தவில்லை. "அப்ப உங்களுக்கு நாளைக்குக் கோயமுத்தூரும் இல்ல, தாராபுரமும் இல்ல. யூனிட்ல உக்காந்து மூக்கு எண்ணுங்க. அத்தான்கிட்ட நான் சொல்லிக்கிடுறேன்."

அவர் என் வாசலுக்கு வந்து நின்றபோது அழப்போகிறார் என்று நினைத்தேன். முகமெல்லாம் பல். "அக்கா, பத்தையும் பாத்திருக்கா. கண்ணு வச்சுப் பாத்திருக்கா. இல்லைன்னா அந்த மூக்கு தெரியுமா?" என்றார். வேலை தப்பியதைவிட அதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

மறுநாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது விஜயராணி என்னிடம் அந்த இரண்டு டிக்கெட்டையும் கொடுத்தாள். நானும் என் வீட்டுக்காரரும் போய்ப் பார்க்கவேண்டுமாம், வீணாகப் போகக் கூடாதாம். பத்து வீடியோ பார்க்க உனக்கு எங்கே நேரம் கிடைத்தது கண்ணு என்று அவளைக் கேட்டேன்.

"பத்தா? நான் ஒண்ணுதான்க்கா பாத்தேன்" என்றாள். "பெட்டி போடுறவுக மோசமான பீஸை மேல வைக்க மாட்டாக, அடியிலயும் வைக்க மாட்டாக. நடுவுல சொருகிருவாக. செக்கிங்குக்குப் போறவுகளும் நேரா நடுவுலதான் கையை விடுவோம். இவுக எட்டு வருஷம் பெட்டி போட்டவுக. பத்துன்னு சொன்னதுமே, என்னைப் பிடிக்க எதையாச்சும் சொருகியிருப்பாக, அஞ்சும் ஆறும்தான் பாக்கணும்னு தெரிஞ்சுபோச்சு. ஆறைத் தொட்டேன், வந்துருச்சு. அவுககிட்டச் சொல்லீராதீக. சந்தோஷமா இருக்காக."

புருஷன் ரகசியம் போய் இப்போது பெண்டாட்டி ரகசியம் என் தலையில். போதாததற்குச் சகாயராஜ் யூனிட்டிலிருந்து போன் செய்து, ஒன்று விடாமல் பார்த்துவந்து சொல்லவேண்டும் அக்கா, வரிசை மாறக் கூடாது என்று கெஞ்சினார்.

கோயமுத்தூரில் பெரிய ஹால். புகை, வெளிச்சம், இடி மாதிரி சத்தம். என் வீட்டுக்காரர் ஆத்தப்பன் முப்பது வருஷம் விசைத்தறி இரையும் குடோனில் வேலை பார்த்தவர். சத்தம் ஆரம்பித்ததும் நிம்மதியாகத் தூங்கிவிட்டார். எனக்குத்தான் கவலை. எதை முதலில் பாடினார்கள், யார் குதித்தார், எப்போது விளக்கு அணைந்தது, இதெல்லாம் நான் எப்படிச் சொல்வேன். தப்பாகச் சொன்னால் அவர் மனசு விட்டுப்போகும். எதற்கு வம்பு என்று போனைத் தூக்கிப் பிடித்து நாற்பது நிமிஷம் படம் பிடித்துவிட்டேன். தோள்பட்டை கழன்றுவிட்டது.

திங்கட்கிழமை போனை அவர் கையில் கொடுத்தேன். கேமரா என் பக்கம் திரும்பியிருந்திருக்கிறது. நாற்பது நிமிஷமும் நான்தான். என் முகத்தில் சிவப்பு விழுகிறது, நீலம் விழுகிறது. வாய் திறந்தபடி இருக்கிறது. நடுவில் ஆத்தப்பன் தலை என் தோளில் வந்து விழுகிறது, தள்ளிவிடுகிறேன். மெதுவான ஒரு பாட்டுக்கு என் கண்ணில் தண்ணீர் நிற்கிறது. கை வலியாகத்தான் இருக்கும்.

திட்டு வாங்க நின்றுகொண்டிருந்தேன். அவர் அசையாமல் கடைசி வரை பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "அக்கா, ஆறு மாசமா பாக்குறேன். இந்த மாதிரி ஒருத்தனும் எடுத்ததில்ல."

நான் போனைப் பிடுங்குவதற்குள் தண்ணீர் குரூப் வழியாக எட்டு வீட்டுக்கும் போய்விட்டது.

எனக்கு உயிரே இல்லை. வீடு வீடாக ஓடினேன். "அத மட்டும் தொறந்துபோடாதீங்க, நல்லாவே இருக்காதுங்க" என்று ஒவ்வொருத்தர் கையையும் பிடித்துச் சொல்லிவிட்டு வந்தேன். சாயந்தரத்துக்குள் காம்பவுண்டே பார்த்து முடித்திருந்தது. முழுசாக. பூவாத்தாள் இரண்டு தடவை.

அடுத்த நாள் காலையில் சகாயராஜ் என் வாசலுக்கு வந்தார். கையில் ஒரு தாள். அதில் அவருடைய ஒன்பது பாட்டையும் வரிசையாக எழுதியிருந்தார். "அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இதுகளையும் பாக்கக் கூடாதுன்னு எல்லா வீட்டுலயும் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க" என்றார்.

ஆகட்டும் சாமி என்று தாளை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து, எந்த வீட்டுக்கும் போகாமல் கதவைத் தாழ்போட்டுவிட்டேன்.